பத்து வாக்கியம்

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய பேக்கரி மாடியில்,
வெட்டுகேக் பொரியும் மணத்துக்கு நடுவே,
அயர்லாந்து ஆஸ்பத்திரி கேட்கும் பரீட்சைக்கு எங்கள் வகுப்பு.
பெனிட்டா மிஸ்ஸுக்கு இருபத்துமூன்று.
எனக்கு நாற்பத்தொன்று, நைட் டியூட்டி முடித்த கண்.
பலகையில் ஒரே சொல்: குரோ.
"நாளைக்குப் பத்து வாக்கியம் அக்கா."

ஐந்து வரை எளிது.
றப்பர் வளரும். நகம் வளரும்.
மாமியார் மரச்சீனி வளர்க்கிறார்.
தன்வினைக்கும் பிறவினைக்கும்
ஒரே சட்டைதான் அங்கே.
ஆனால் கோழியை வளர்க்கக் கூடாதாம் அந்தச் சொல்லால்,
பிள்ளையையும்.
தாடிக்குத் தடையில்லை.
அப்படியானால் எனக்க அபினை
இந்தப் பதினாலு வருஷம் நான் என்ன செய்தேன்?
"ரெய்ஸ்" என்றாள் மிஸ்.
தூக்கினேனாம்.
தூக்கத்தான் செய்தேன், அதுவும் சரிதான்.

ஆறாவதில் பேனா நின்றது.
கிழவராவதும் வளர்தல் அவர்களுக்கு.
இருட்டுவதும். மெலிவதும்.
நிலா தேயும்போதுகூடச்
சிறிதாய் வளர்கிறது.
வளர்பிறை தேய்பிறை பார்த்துக்
காலண்டர் கிழித்த கைக்கு
இது எப்படி ஒட்டும்?

அன்றிரவு பன்னிரண்டாம் கட்டிலில்
குளச்சல் மரியசூசை, வள்ளக்காரர்,
ஸ்கேன் கவரைப் பிரித்து
எழுத்துக்கூட்டி ஒரு சொல் பிடித்திருந்தார்.
"சிஸ்டரே, குரோத்துன்னு போட்டிருக்கு.
வளர்ச்சி இல்லியா? நல்லதுதானே?
பேங்கில ஒரு படம் ஒட்டியிருந்தான்,
காசுக்குள்ளேருந்து செடி ஒண்ணு..."

டாக்டர் வந்து சொல்லுவார் என்றேன்.
அவர் என் முகத்தைப் பார்த்தார்,
மேற்கே ஒரு கீற்று கறுத்தால்
வலையைச் சுருட்டுகிற கண்.
"சரி பிள்ளே," என்றார்.
"பேச்சை வளத்தாண்டாம்."

ஊசி போட்டேன்.
மூன்று மணிக்கு மூச்சு சீரானது.
ஒரு கை மட்டும் எதையோ வலித்துக்கொண்டிருந்தது,
பிறகு அதுவும் விட்டது.

டியூட்டி மேசையில் நோட்டை விரித்து
ஏழாவதை எழுதினேன்,
தாலாட்டில் கண் வளர்வதில்லையா
என்ற தைரியத்தில்:
அவர் உறக்கமாக வளர்ந்தார்.

காலையில் பெனிட்டா மிஸ் சிவப்பில் சுழித்தாள்.
"தப்பு அக்கா. இங்கிலீஷில்
உறக்கத்துக்குள் விழத்தான் முடியும்."
பிறகு தாளைத் திருப்பி,
மீதி மூன்றும் எங்கே என்று கேட்டாள்.