பதினைந்து நிமிட விதி

லீக்கில் பதினோரு அணி.
அதில் ஏழு குன்னூர்ச் சரிவில்.
வரைபடத்தில் குண்டூசி குத்தியபோது
குன்னூர் என்ற பெயரே மறைந்துபோயிற்று.
ஊட்டிக்கு இரண்டு, கோத்தகிரிக்கு ஒன்று,
பிறகு வெகுதூரம் வெறும் பச்சை.
தாளின் மேற்கு ஓரத்தில்
மடிப்புக் கிழிசலுக்குப் பக்கத்தில்
சேரம்பாடி.

அட்டவணை போடுகிறவன் நான்.
சம்பளம் இல்லை, வசவு உண்டு.

ஓட்டுப்பட்டறைக்காரன் ஓங்கி உதைத்தால்
பெட்போர்டுக்காரன் தகரக் கூரையில் சத்தம் கேட்கும்.
வெளியூர் ஆட்டம் என்று நான் எழுதுவது
இருநூற்றுப் பதினெட்டுப் படி இறங்குவதை.
வீட்டிலேயே பூட்ஸ் மாட்டிக்கொண்டு
வர்க்கியைக் கடித்தபடி வந்து சேருவார்கள்.

சேரம்பாடிக்காரர்கள் மூன்று மணிக்குக் கிளம்புவார்கள்,
விடியாத மூன்று.
தேவாலா, நாடுகாணி, கூடலூர்.
நடுவட்டத்து மூடுபனியில் ஒருவன் இறங்கி
டார்ச்சோடு முன்னே நடக்க
அவன் முதுகைப் பார்த்தே ஜீப் ஏறும்.
சில நாள் சாலையில் யானை.
யானைக்கு விதிமுறைப் புத்தகம் கிடையாது.
எங்களுக்கு உண்டு: பக்கம் ஒன்பது, பதினைந்து நிமிடம்.
பதினாறாவது நிமிடம்
அவர்கள் வாந்தியெடுத்த முகத்தோடு இறங்கும்போது
நாங்கள் வலையைச் சுருட்டிக்கொண்டிருப்போம்.

ஐந்து வருடத்தில் நான்கு வாக்கோவர்.

மே மாதக் கூட்டம், பொருள் எண் மூன்று:
ஒரே சரிவில் ஏழு அணி தேவையா?
தேவையில்லை என்றார்கள் எல்லோரும்.
எது போகட்டும் என்றேன்.
கிளாடிஸ் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டாள்.

அருவங்காட்டில் இரண்டு, பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட்;
சேர்த்தால் பாதிப் பேர் தூக்கத்தில் ஆடுவார்கள்.
வெலிங்டன் பஜார் ஒரு கல்யாணப் பந்தியில்
பாயசம் தீர்ந்துபோன கோபத்தில் பிரிந்து வந்தது,
அந்தக் கோபம்தான் இன்னும் அதன் நடுக்களம்.
போஜராஜின் ஹட்டியில் பதினோரு பேரும் மாமன் மச்சான்,
ஒருவனை எடுத்தால் கொத்தாக வருவார்கள்.
மவுண்ட் பிளசண்ட்டுக்கு ஜெர்சி வந்து
மடிப்புக்கூடக் கலையவில்லை.
பெட்போர்டிடம்தான் நல்ல கோல்போஸ்ட் இருக்கிறது.
ஓட்டுப்பட்டறையை நான் எடுக்கவில்லை,
லெஃப்ட் பேக் என் தம்பி.

அடித்து அடித்து எழுதியதில்
கடைசியில் ஏழும் மிச்சம்.

யோகேஸ்வரனுக்குப் போன் போட்டேன்.
தேயிலை அரைக்கும் இரைச்சலுக்குள்ளிருந்து
சேரம்பாடிக் கேப்டன் சொன்னான்:
"ஏழு இருக்கட்டுங்க, எழுபதுகூட இருக்கட்டும்.
எங்க கிரவுண்டுக்கு ஒருவாட்டி வாங்க."

பழைய அட்டவணைகளைப் புரட்டினேன்.
'இடம்' என்ற கட்டத்தில்
அவன் ஊர்ப் பெயர் ஒரு முறைகூட இல்லை.
கையெழுத்து என்னுடையது.

முதல் ஞாயிறு.
ஓட்டுப்பட்டறை ஆட, மற்ற ஆறும் வேடிக்கை பார்க்க
ஒரே பேருந்து.
பைக்காராவில் பாட்டு நின்றது.
ஊசிமலையில் மூன்று பேருக்கு வயிறு புரட்டியது.
நாடுகாணி தாண்டி
குட்டியோடு நின்றது அது,
நாற்பது நிமிடம், புளியமரம் மாதிரி.
எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம்,
யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.
அப்போதுதான் கவனித்தேன்:
மூன்றாவது சீட்டில், ஜன்னலோரம்,
எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி ரெஃப்ரி.
வாக்கோவர் சொல்லவேண்டிய வாய்
எங்களோடுதான் வந்துகொண்டிருந்தது.

கோட்டின்மேல் நின்றிருந்தார்கள் பதினோரு பேரும்,
காலுறையை முட்டிவரை இழுத்துவிட்டு.
எவ்வளவு நேரமாக என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.
"யானையா?" என்றான் யோகேஸ்வரன்.
"ஆமா."
"குட்டியோடயா?"
"ஆமா."
"அப்பச் சரி" என்று இஞ்சித் தேநீர் நீட்டினான்.

மூன்றுக்கு ஒன்று, தோற்றோம்.
சரிவு எங்களுக்குப் பழக்கம்தான்,
ஆனால் இது வேறு பக்கம் சரிந்திருந்தது.

ஏழு குண்டூசியும் அப்படியே இருக்கின்றன.
அடுத்த கூட்டத்துக்கும் அதே பொருள் எண் மூன்று.
பக்கம் ஒன்பதில் மட்டும்
பதினைந்தை அடித்திருக்கிறேன்.
மேலே என்ன போட என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க
கிளாடிஸ் கேட்கிறாள்,
"தனியா நின்னா எவ்வளவு,
குட்டியோட நின்னா எவ்வளவு?"