துகள் எண்ணிக்கை

பாயான் லெப்பாஸில் எங்கள் பேக்டரிக்குள் போனால்
யாருக்கும் முகம் கிடையாது.
வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, வெள்ளை முகமூடி.
மிஞ்சுவது நாலு விரற்கடை அகலம்:
இரண்டு கண்ணும்
நடுவில் மூக்கின் மேடும்.

என் இரவு ஷிப்டில் முப்பத்தொரு பேர்.
இமைக்கும் வேகத்தில் சுவீ லானைச் சொல்லிவிடுவேன்.
புருவம் இறங்கியிருந்தால் ரொஹாயாவுக்கு இடுப்பு வலி.
கீழிமை துடித்தால்
பிஷ்ணுவுக்கு நேபாளத்திலிருந்து போன் வந்திருக்கிறது.
பதினோரு வருஷம் கண்களை மட்டுமே படித்தவள் நான்.
கொஞ்சம் கர்வமும் உண்டு.

கூரையில் ஒரு கருவி
காற்றிலுள்ள துகளை எண்ணிக்கொண்டே இருக்கும்.
பவுடர் பூசி வந்தால் காட்டிக்கொடுக்கும்.
தும்மினால் என்ன செய்வது என்று
விதிப் புத்தகத்தில் அரைப் பக்கம்.
அழுதால் என்ன செய்வதென்று
ஒரு வரி இல்லை.

போன மாதம் ஜார்ஜ்டவுன் ஹோட்டலில்
எங்களுக்கு ஒருநாள் பயிற்சி:
தலைமைக்கு உணர்வறிவு.
முகப் படங்களைக் காட்டிக் கேட்டார்கள், இவர் மனதில் என்ன?
இருபதுக்குப் பத்தொன்பது எடுத்தேன்.
தவறிய படத்தில் கண் சிரித்தது, வாய் சிரிக்கவில்லை.
வாயைப் பார்க்க வேண்டும் என்பதே
எனக்கு மறந்துபோயிருந்தது.
எல்லோரும் கைதட்டினார்கள், மதியம் நல்ல கோழிக்கறி.

யோகமலர் சேர்ந்து எட்டு மாதம்.
நிபோங் திபாலிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறாள்.
எந்நேரமும் சிரிக்கிற கண்.
இவளைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று
குறிப்பேட்டில் எழுதியே வைத்திருந்தேன்.

விடியற்காலை மூன்று நாற்பது.
அவள் கையிலிருந்து பெட்டி நழுவியது.
இருபத்தைந்து சிலிக்கான் தகடுகள்,
மழைக்குப் பின் தார் ரோட்டில் எண்ணெய் மின்னுமே,
அப்படித் தரையெல்லாம் நிறம்.
நிமிர்ந்து பார்த்தாள்.
அப்போதும் அந்தக் கண் சிரித்தது.

"சிரிப்பு வேறயா?" என்றேன்.
முப்பது பேர் காதிலும் விழும்படி.

உடை மாற்றும் அறையின் பெஞ்சில் அவள் முகமூடியைக் கழற்றினாள்.
உட்புறம் ஐந்து சென் காசளவு ரத்தம்.
கீழுதட்டில் பல் பதிந்திருந்தது,
இன்று பதிந்ததும்
அதற்கு முந்திய இரவுகளில் பதிந்ததும்.
மேலே கண் சிரித்தபடியே இருந்தது.
அது பிறவி வடிவம்.
சிரிப்பென்று பேர் வைத்தது நான்.

ஹோட்டலில் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் இருந்தன.
உங்கள் நிலையை என்னால் உணர முடிகிறது,
இந்த மாதிரி.
ஒன்றும் வாய்க்கு வரவில்லை.
"மைலோ குடிக்கிறியா?"
வேண்டாமெனத் தலையாட்டினாள்.
உட்கார்ந்திருந்தோம்.
அவள் வீட்டில் என்னவென்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வாக்கி டாக்கியில் மேலாளர் ஊய் பேர் கேட்டார்.
என் ஷிப்ட் என்றேன்.
பேரைக் கேட்டேன் என்றார்.
அதுதான் பேர் என்றேன்.
வீரமெல்லாம் இல்லை, முட்டி நடுங்கியது.
போனஸில் கை வைப்பார்கள் என்பதும்
அந்த நிமிஷமே ஞாபகம் வந்தது.

ஷிப்ட் முடிய முக்கால் மணி இருக்கையில்
லைனை நிறுத்தச் சொன்னேன்.
எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்,
தனியாகக் கூப்பிட்டுத் திரும்ப வாங்க முடியாது.
முதலில் தமிழில் அவளிடம் சொன்னேன்.
பிறகு மலாயில் எல்லோருக்கும்.
முகமூடிக்குள்ளிருந்து போன குரல்
எத்தனை பேரை எட்டியதோ.
ரொஹாயா மட்டும் பக்கத்தில் வந்து
என் கண்ணையே பார்த்தாள்,
நான் அவளைப் பார்க்கிற மாதிரி.
"காக், ரெண்டு மாசமா நீங்க சரியா மூச்சு விடல" என்றாள்.

கூரைக் கருவி ஒலித்தது.
துகள் கூடியிருக்கிறதாம்.
யாரிடமிருந்து என்று அது சொல்லாது.
எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

கையுறையோடு கண்ணைத் தொடக் கூடாது.
அதற்கு விதி உண்டு.