பின் இரண்டு கைகள்

படம் வேண்டுமென்றார்கள்.
காணாமல் போனவரின் படம்,
முகம் தெளிவாக, இரண்டு பிரதி.

எங்களிடம் இருந்தது ஒன்றேயொன்று,
அடையாள அட்டைக்கு எடுத்தது.
அதுவும் தகரப் பெட்டியோடு
மாத்தளன் மணலுக்குள் போயிற்று.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் நினைவு வந்தது:
முத்தையன்கட்டு, வலதுகரைப் பள்ளிக்கூடம்,
மண்டபத்தின் கிழக்குச் சுவர்,
வெள்ளைத் தாமரையில் அக்கா.

தொண்ணூற்றேழு.
இளவாலையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த
சவரிமுத்து மாஸ்டரிடம்
சரஸ்வதி கீறித் தரச் சொன்னார்கள்.
அவருக்குக் கைவந்தது மாதா மட்டும்தான்.
"ஆராவது முன்னால அசையாமல் இருக்கவேணும்" என்றார்.
வாத்திமார் வீட்டுப் பெண்கள் ஒருத்தரும் வரவில்லை.
வெங்காயத் தோட்டத்தில் குனிந்து நின்றவளைக்
கூப்பிட்டார்கள்.

பேச்சியம்மா.
எழுபத்தேழில் மலையிலிருந்து லொறியில் வந்த குடும்பம்.
இருபது வருடம் கழித்தும்
ஊருக்கு நாங்கள் தோட்டக்காட்டார்.
அதே பள்ளிக்கூடத்தில்
மூன்றாம் வகுப்போடு நின்றவள் அவள்.

ஒன்பது பகல் இருந்தாள்.
வீணை கிடைக்கவில்லை, மடியில் தென்னம்மட்டை.
வண்ணத்துக்கும் தடை இருந்த காலம்,
வேட்டிக்குப் போடும் நீலக்கட்டியைக் கரைத்துத்தான்
வானம் வந்தது.
கூலி நாளுக்கு ஒரு கொத்து அரிசி,
முடிவில் ஒரு முழுச் சவர்க்காரம்.
அதை நூலால் நான்காக அறுத்து
மூன்றை ஒளித்துவைத்தாள்.

முன் இரண்டு கைகள் அவளுடையவை.
பின் இரண்டும் என்னுடையவை.
எனக்குப் பன்னிரண்டு வயது.
அவளுக்குப் பின்னால் வாங்கில் ஏறி நின்றேன்,
ஒரு கையில் கணக்குக் கொப்பி,
மற்றதில் மாஸ்டரின் செபமாலை.
கை உளைந்து தாழும்போதெல்லாம்
திரும்பாமலே சொல்வாள்:
"தூக்குடி. அரிசி போயிரும்."

அவளுடைய இடது புருவத்தில் ஒரு வெட்டு,
மண்வெட்டி பட்டது.
மாஸ்டர் அதைக் கீறவில்லை.
சாமிக்குக் காயம் கூடாதாம்.
"அப்ப அது நான் இல்லையே" என்று சிரித்தாள்.
சிரிப்பையும் கீறவில்லை.

பிறகு வருடா வருடம் வாணி விழா,
அவலும் கடலையும் அவள் காலடியில்.
நாங்கள் கதவோரம் நின்றோம்.
அதிபரின் மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டாள்.
வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டே
"நாளைக்கு வெங்காயம் கிண்ட வருவியா பிள்ளை?"
என்று அக்காவிடம் கேட்டாள்.
போனாள். போகாமல்?

வட்டுவாகல் பாலம் தாண்டியதும்
சில பெண்களைத் தனியாக நிற்கச் சொன்னார்கள்.
அதற்கு மேல் என்னிடம் வசனம் இல்லை.

பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை.
பெயின்ட் அடித்தவர்கள் சாமியென்று பயந்து
அவளைச் சுற்றி மட்டும் அடித்திருந்தார்கள்.
அன்னத்தின் கழுத்தில் ஒரு சன்னத்துளை.
செருப்பைக் கழற்றச் சொன்னான் காவல்காரப் பையன்.
கழற்றினேன்.
என் பழைய கைகள் அங்கே
இன்னும் தாழாமல் நின்றன,
வளையல் போட்டு, சிவப்பாக.

மகன் போனில் எடுத்தான்.
கிரீடத்தை வெட்டினான்.
வீணையை வெட்டினான்.
"இது ஆற்றை கையம்மா?" என்று கேட்டுக்கொண்டே
என்னையும் வெட்டினான்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
வெகுநேரம் பார்த்தார்.
"இது சாமிப்படமல்லவா?"
ஓம் என்றேன்.
இல்லை என்றேன்.
படிவத்தைத் திருப்பினார்.
"அங்க அடையாளம்: இடது புருவத்தில் வெட்டு
என்று எழுதியிருக்கிறீர்கள்.
படத்தில் காணவில்லையே."

பேனையை ஒருக்காத் தாங்கோ என்றேன்.
கை நடுங்கியது. நேராக வரவில்லை.
இரண்டு பிரதியிலும் போட்டேன்.