மோட்டர் அறைக்குப் பின்னால்

செவ்வாய்க்கிழமை, மழை விட்ட பிறகு,
வாய்க்காலில் இருந்து ஏறி வந்தது கபரகொய்யா.
வெள்ளவத்தையில் அது ஒரு புதினம் இல்லை.
மீன் கழுவின தண்ணீர் எந்த ஒழுங்கையால் ஓடினாலும்
அங்கே அதற்கும் ஒரு விலாசம் இருக்கிறது.

நாலு குட்டிகள்.
இப்போது மூன்று என்று சொல்ல
எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

தாய் மதில்மேல் நின்று போட்ட சத்தத்தில்
மூன்றாம் மாடிவரை லைட் எரிந்தது.
காவலாளி விமலதாச தும்புத்தடியோடு ஓடினார்.
அது அவசரப்படவில்லை.
வாலை ஒருதரம் சுவரில் தேய்த்து
கானுக்குள் இறங்கிப் போனது,
கந்தோர் முடிந்து போகிற ஆள்மாதிரி.

மிச்சம் மூன்றும்
தண்ணி மோட்டருக்குப் பின்னால்,
ஒரு கை மட்டும் போகிற இடுக்கில்.
டோர்ச் அடித்தேன்.
ஆறு கண்ணும் அணைந்தன.

"கை போட வேணாம் மிஸ். பயம் போனா தானா வரும்."
எவ்வளவு நேரத்தில் என்று கேட்டேன்.
அதற்கு விமலதாசவிடம்
தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.

உள்ளே கொண்டுபோக முடியாது.
வாடகை ஒப்பந்தத்தின் ஏழாம் பந்தி
நாய், பூனை, கிளி எல்லாவற்றையும்
ஒரே வரியில் வெளியே நிறுத்தியிருக்கிறது.
அதனால் வெளியிலேயே ஒரு வீடு.
டிவி வந்த பெட்டியைச் சரித்து வைத்தேன்.
தாய் நுழையுமளவு வாசல்,
அதற்குமேல் ஒரு விரல்கூட இல்லை.
மேலே பொலித்தீன். உள்ளே என் பழைய துவாய்,
தோய்க்காமல்.
சோப்பு வாசமும் அவைகளுக்கு அந்நிய ஆள்தான்.
கானின் வாய்க்கு இரும்பு வலை போட்டு
இரண்டு சீமெந்துக் கல் ஏற்றினோம்.
பொழுதுபட்ட பிறகு சாப்பாட்டுத் தட்டு வெளியில் இல்லை.

அன்றைக்கு இருந்தது.
சூரைத் தலை இரண்டு.
வைத்தது நான்.

பிறகு செய்யவேண்டியது
ஒன்றும் செய்யாமல் இருப்பது.
எனக்கு வராத வேலை அது.
கீழ்ப்படியில் இருந்தேன்,
இடுக்குக்கு முதுகு காட்டி.
கையில் அகப்பட்டது மின்சார பில்.
அதைத் தாழ்ந்த குரலில் வாசித்தேன்.
முன்னைய அளவீடு. தற்போதைய அளவீடு.
நிலுவை. செலுத்தவேண்டிய கடைசித் திகதி.
அந்தக் கட்டணத்தை இவ்வளவு இதமாக
இந்த ஊரில் ஒருவரும் உச்சரித்திருக்கமாட்டார்கள்.

இரண்டாம் மாடி ரிஃப்கா
கொப்பியோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.
"நான் வாய்பாடு சொல்லட்டா?"
மெல்லமாய் என்றேன்.
ஏழாறு நாற்பத்திரண்டில் ஒரு காது தெரிந்தது.
ஏழேழில் மீசை.
ஏழெட்டு ஐம்பத்தாறு என்னும்போது
கடற்கரைப் பக்கம் காலி ரயில் போனது,
ஜன்னல் கண்ணாடிகள் நடுங்க.
காதும் இல்லை, மீசையும் இல்லை.
ரிஃப்கா என்னைப் பார்த்தாள்,
பெருமூச்சு விட்டாள்,
ஏழோரொன்றிலிருந்து தொடங்கினாள்.

மூன்றாம் நாள் மாலை தாய் வந்தது.
பெட்டியின் நாலு மூலையும் மணந்தது.
ஒன்றைக் கவ்வி வந்தது.
இன்னொன்று.
இன்னொன்று.
திரும்பவும் இடுக்குக்குள் போனது.
நானும் ரிஃப்காவும் மூச்சு விடவில்லை.
வெறும் வாயோடு வந்து
கொஞ்சநேரம் நின்றது, மோட்டரைப் பார்த்தபடி.
பிறகு பெட்டிக்குள் போய்ச்
சுருண்டது.

ஒன்பது மணிக்கு மோட்டர் உறுமத் தொடங்கும்.
எட்டு ஐம்பதுக்கு விமலதாச வந்து
சுவிட்சை அமத்தினார்.
"காலையில நாலாம் மாடிக்குத் தண்ணி இல்ல.
கேட்டா எனக்குத் தெரியாது.
மிஸ்ஸுக்கும் தெரியாது."

ரிஃப்கா கையை உயர்த்தினாள்,
வகுப்பில் போல,
தனக்கும் தெரியாது என்று சொல்ல.