ஒரே பொருள்

சோஹாரில், ஃபலஜ் ரவுண்டானாவுக்குப் பின்னால்
விசா பாரம், வாடகைச் சீட்டு, புகார் மனு
எல்லாம் அடித்துத் தருகிறேன்.
பக்கத்துக்கு ஒரு ரியால்.
நெல்லைச் சட்டக் கல்லூரியில் நான் முடிக்காத
மூன்றாம் ஆண்டைப் பற்றி
இங்கே யாரும் கேட்பதில்லை.

பூமிராஜ் இரண்டு தாள் கொண்டுவந்தான்.
ஒன்று சென்னை ஏஜென்ட் மேசையில்:
வெல்டர், நூற்றிருபது ரியால், சாப்பாடு, ஓ.டி.
மற்றது வந்திறங்கிய இரவு
பஸ் இன்ஜின் அணையாமல் உறும
கேம்ப் வாசலில்:
ஹெல்பர், எண்பத்தைந்து.
ஒரு கை பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ள
மறு கை பேனாவை நீட்டியிருக்கிறது.

"படிச்சுப் பாக்கலையா?"
"வலப்பக்கத்துலேர்ந்து ஓடுற எழுத்துண்ணே.
தலை எது வால் எதுன்னு தெரியல.
அடியில ஒரு கோடு இருந்துச்சு. போட்டேன்."

கோட்டுக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில்:
இரு பிரதிகளும் முரண்பட்டால்
அரபிப் பிரதியே செல்லும்.

நான் படித்தது கடலுக்கு அந்தப் பக்கத்துச் சட்டம்.
இங்கே எண் வேறு, பிரிவு வேறு.
ஆனாலும் பதின்மூன்றாம் பிரிவு
மனசில் கிடக்கிறது:
இருவர்
ஒரே பொருளை
ஒரே பொருளில்
ஒப்புக்கொள்வதே இசைவு.
பரீட்சைக்கு உருப்போட்ட இரவில் சிரித்திருக்கிறேன்.
பண்டமும் பொருள், அர்த்தமும் பொருள்,
பணமும் பொருள் என்று வைத்திருக்கிற மொழியில்
எந்த இருவர்
எதை ஒப்புக்கொள்வது?

மனுவில் காரணம் எழுத வேண்டும்.
"அடிச்சாங்களா?" இல்லை.
"மிரட்டினாங்களா?" இல்லை.
"பொய் சொன்னாங்களா?"
"பேசவே இல்லண்ணே."
"பின்னே ஏன் போட்ட?"
"ஊர்ல வட்டி ஓடிட்டிருந்துச்சு."
வற்புறுத்தல், மிகைச் செல்வாக்கு, மோசடி, திரிபு, தவறு.
வட்டி
அந்தப் பட்டியலில் இல்லை.
எதற்கும் நெருக்கமான சொல் ஒன்றைப் போட்டு
ஒன்றரைப் பக்கத்தில் முடித்தேன்.

அவனிடம் இருந்தது அறுநூறு பைசா.
கடை ஷட்டரை அண்ணாந்து பார்த்தான்.
"கீல் விட்டுருச்சு. நான் பத்த வச்சுத் தரேன்."
"சரி" என்றேன்.
முன்மொழிவு, ஏற்பு, மறுபயன்.
சாட்சி இல்லை, முத்திரை இல்லை,
தேதிகூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வரவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை.
ஷட்டர் தினமும் என்னைப் போலவே முனகியது.
எழுதி வாங்கியிருக்கலாமோ என்று
ஒருநாள் நினைத்தேன்; வெட்கமாக இருந்தது.

பதினெட்டாம் நாள் ராத்திரி பத்தரைக்கு
கடன் வாங்கிய மெஷினோடு வந்தான்.
துக்குமுக்கு அனுப்பிவிட்டார்களாம்.
"நாள் தள்ளிப்போச்சு, கோவிச்சுக்காதீங்க."
கண்ணாடியை முகத்தில் கவிழ்த்தான்.
பத்து நிமிஷம், நீல வெளிச்சம்.
ஹெல்பர் போடுகிற வெல்டா அது.

இப்போது ஒரு விரலுக்கு ஏறுகிறது ஷட்டர்.

வழக்கு இரண்டு முறை தள்ளிப்போய்
மூன்றாம் முறை கூப்பிட்டார்கள்.
கம்பெனி வக்கீல் ஒரு தாளை உயர்த்திக் கேட்டார்,
இது உன் கையெழுத்துதானே.
பூமிராஜ் சொல்லத் தொடங்கினான்:
கையெழுத்து என்னுதுதாங்க, ஆனா அன்னிக்கு ராத்திரி
பஸ்ஸு நின்னுக்கிட்டு, பாஸ்போர்ட்டு அவங்க கையில...
மொழிபெயர்ப்பாளர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார்.
பிறகு நீதிபதி பக்கம் திரும்பி
ஒரே சொல்லில் முடித்தார்:
ஆம்.