எண்பத்தேழு

முதலில் வெப்பமானிகளைத்தான் திட்டினேன்.
பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது.
சிவப்புக் கோடு எண்பத்தேழில் உட்கார்ந்துவிட்டது,
சுமை கூடிப்போன லாமா போல.
அடித்தாலும் எழாது.

புத்தகம் நூறு என்கிறது.
நானும் நூறு என்றே வளர்ந்தவள்,
தாழ்நிலத்தில், சாந்தா குரூஸின் வெக்கையில்.
எல் ஆல்டோவுக்கு வந்து பதினோரு நாள்.
இரண்டு மாடி ஏறினால்
மூன்றாவதை நாளைக்கு ஒத்திப்போடத் தோன்றும்.
நாலாயிரம் மீட்டர் என்பது
நெஞ்சுக்குத் தெரிந்திருந்தது,
பாடக்குறிப்புக்குத் தெரியவில்லை.

"கருவி பழுது. நூறு என்று எழுதிக்கொள்ளுங்கள்."
சொன்னேன். மறைக்க ஒன்றுமில்லை,
நான்தான் சொன்னேன்.
நாற்பது பேனாக்கள் குனிந்து எழுதின.
நாற்பத்தொன்றாவது
வில்மெர் திக்கோனாவின் பல்லிடுக்கில் இருந்தது.
"மூணு கருவியும் பேசிவச்சு
ஒரே பொய்யையா சொல்லும், டீச்சர்?"

வகுப்பு சிரித்தது.
என் காது சுட்டது,
எண்பத்தேழுக்கும் மேலே.

விதி எனக்குத் தெரியாததல்ல.
காற்று மெலிந்தால் கொதிநிலை இறங்கும்,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
அது என்னோடு பஸ் ஏறி
மலைக்கும் வருமென்றுதான் நினைக்கவில்லை.

மறுநாள் கரும்பலகையைத் தொடவில்லை.
"உங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு வேக
எவ்வளவு நேரம்?"
அவ்வளவுதான் கேட்டேன்.
சண்டையே மூண்டுவிட்டது.
குக்கர் இல்லாமல் பயறு வேகவைப்பது
ஒரு பகல் வேலை என்றாள் யோசெலின்.
பள்ளத்தாக்கில் இருக்கும் அத்தை வீட்டில்
அதே பயறு
சமைப்பவள் திரும்புவதற்குள் குழைந்துவிடும் என்றான் எவெர்.
அப்படியானால் அத்தையின் அடுப்புதான் உசத்தியா?
இல்லை, அத்தையின் தண்ணீரா?
யாரோ பின்னாலிருந்து: "அத்தையோட காத்து!"
நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன்.
மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ரோப்காரில் லா பாஸுக்கு இறங்கினோம்.
ஆளுக்கொரு காலி சோடா பாட்டில்,
மலை உச்சியில் வைத்து இறுக மூடியது.
தகரக் கூரைகள் காலடியில் நழுவ நழுவ
முதல் பாட்டில் 'டொக்' என்றது.
பிறகு இன்னொன்று.
பிறகு கூண்டு முழுக்க டொக், டொக்,
ஒவ்வொன்றின் கன்னத்திலும் சின்னக் குழி.
வெங்காய மூட்டையோடு எதிரே இருந்த பெண்
தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்:
"பேய் கீய் பிடிச்சிருக்கா அதுக்கு?"
யோசெலின் விளக்கினாள்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்,
வாயை மூடிக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.
அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள்.
"அதான் கீழேருந்து வர்ற சிப்ஸ் பொட்டலமெல்லாம்
என் கடையில வயிறு ஊதிக் கிடக்கா?"
இந்த உதாரணம் எந்தப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை.

நிலையத்துக்கு வெளியே
ஊதா மக்காச்சோளக் கஞ்சி விற்பவரிடம்
அடுப்பை ஐந்து நிமிடம் கெஞ்சி வாங்கினோம்.
எண்பத்தெட்டரை.
ஒன்றரை டிகிரிக்காக நாற்பத்தொரு பேர் போட்ட கூச்சலில்
தெருமுனைப் போலீஸ்காரர் ஓடி வந்துவிட்டார்.
அவருக்கும் கஞ்சி வாங்கிக் கொடுத்தோம்.

நவம்பரில் தேர்வு. கேள்வி மேலிடத்திலிருந்து வந்தது.
நீர் கொதிப்பது எத்தனை டிகிரியில்?
ஐம்பது, எண்பது, நூறு, நூற்றிருபது,
ஒன்றை வட்டமிடு.
முப்பத்தெட்டுப் பேர் நூறைச் சுற்றினார்கள்,
உலகம் தெரிந்த பிள்ளைகள்.
இரண்டு பேர் எண்பதை, கிட்டத்தில் இருந்ததால்.
வில்மெர் எதையும் தொடவில்லை.
ஓரத்தில் ஒரே சொல்: "எங்கே?"

சுழி போட்டேன்.
விடைப்பட்டியலில் அந்தச் சொல் இல்லை.

தாளை வாங்கி நாலாக மடித்தான்.
முறைக்கவில்லை, முனகவும் இல்லை.
போகும்போது என் மேசையில்
ஒரு பாட்டிலை வைத்துப் போனான்.
கழுத்தில் கட்டிய துண்டுச்சீட்டில்
பென்சில் எழுத்து: லா பாஸ், கீழ் நிலையம், சனிக்கிழமை.
அங்கே வைத்து மூடியிருக்கிறான்.
இங்கே அது விறைத்து, உப்பி,
எதையோ சொல்ல வந்து
வாயை இறுக்கிக்கொண்டவன் போல நிற்கிறது.

திருகினால் உஸ்ஸென்று வரும், தெரியும்.
இன்னும் திறக்கவில்லை.