ஏடு

பாலைக் காய்ச்சி அப்படியே வைத்தால் ஏடு படியும்.
கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தால் படியாது.
இந்த விண்மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததில்
முக்கால்வாசி இவ்வளவுதான்.

இதன் வயதுக்காரர்கள் தலைதெறிக்கச் சுழல்கிறார்கள்.
இது ஒரு சுற்றுக்கு ஆறு நாளும் பத்து மணி நேரமும்
எடுத்துக்கொள்கிறது.
அந்த நிதானத்தில் ஹீலியம் கீழே இறங்கிவிடுகிறது.
யூரோப்பியத்தை வெளிச்சமே தள்ளித் தள்ளி
மேலே கொண்டுவந்து சேர்க்கிறது,
திட்டுத் திட்டாக.
உள்ளே எல்லாரையும் போலத்தான்.
ஆனாலும் பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் ஒரு குறி:
விசித்திரம்.

கூனாபராபரனில் ஜூன் மாதம்.
மோட்டல் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப்
பகலில் தூங்குகிறேன்.
நாலரைக்கு மலைப்பாதை,
கங்காருக்களுக்காக மூன்று முறை பிரேக்.
எனக்குக் கிடைத்தது ஏழு இரவு.

முதல் இரவு இரும்பும் குரோமியமும்.
இரண்டாம் இரவு, விடிய ஒரு மணி நேரம் இருக்கையில்,
யூரோப்பியக் கோட்டின் நீல ஓரத்தில்
நகக்கீறல் அளவு ஒரு பள்ளம்.
"வருது" என்றேன், தமிழில்.
தொலைநோக்கியை இயக்கும் ரோவீனா
என்ன ஏது என்று கேட்காமல்
தன் பிஸ்கட்டில் பாதியை நீட்டினாள்.

மூன்றாம் இரவு மழை.
நான்காம் இரவு ஈரப்பதம் தொண்ணூற்றாறு.
திறக்க மாட்டேன், கண்ணாடி என் பொறுப்பு என்றாள்.
சீட்டாடினோம். எல்லா ஆட்டத்திலும் தோற்றேன்.
இருநூறு வருஷம் நடந்து வந்த வெளிச்சம்
கடைசி மூன்று கிலோமீட்டரில்
மேகத்தின் முதுகில் இறங்கி நின்றுவிட்டது.
அந்தத் திட்டு
அப்போது நேருக்கு நேர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐந்தாம் இரவு துடைத்துவிட்ட வானம்.
பள்ளம் சிவப்பு ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது,
பிளாட்பாரத்துக்கு ஓடி வந்தவளுக்கு
கடைசிப் பெட்டி மட்டும் தெரிவதுபோல.
ஏறியது தெரியும். இறங்கியது தெரியும்.

எவ்வளவு பெரிய கண்ணாடியிலும் அது புள்ளிதான்,
வட்டம்கூட இல்லை.
அதற்குத்தான் நான் நிலநடுக்கோடு வரைகிறேன்,
துருவம் குறிக்கிறேன்.
ஒரு துருவம் எங்கள் பக்கம் திரும்பவே திரும்பாது.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்;
மாதச் சம்பளத்துக்கு
நான் சுரைக்காய் வரைகிறவள்.

நிரலுக்கு ஒரு குணம்.
தெரியாத இடத்தைக் கண்டால்
பக்கத்து நிறத்தைத் தொட்டுச் சீராக மெழுகிவிடும்.
பார்க்க அழகாக இருக்கும்.
அங்கே அமைதி என்று நம்பத் தோன்றும்.
நான் அந்த மெழுகலைச் சுரண்டி எடுத்து
சாம்பல் நிறக் கட்டம் போட்டு வைத்தேன்.
உடன் எழுதுகிற பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை.
தோல் உரிந்த மாதிரி இருக்கிறதே என்று மின்னஞ்சல்.
இருக்கட்டும் என்று எழுதினேன்.
பிறகு அதை அழித்து, 'மன்னிக்கவும், இருக்கட்டும்' என்று.

அடுத்த மே மாதத்துக்கு விண்ணப்பம்.
அதற்குள் அது ஐம்பது தரம் சுற்றியிருக்கும்;
என் கணக்கிலுள்ள சின்னப் பிழையும்
கூடவே ஐம்பது தரம் சுற்றி வளர்ந்திருக்கும்.
'ஏன் மறுபடியும்?' என்று ஒரு பெட்டி.
எழுபது சொல்லுக்குள் காரணம் சொல்ல வேண்டும்.
முதல் வரி எழுதிவிட்டேன்:
உச்சியில் அது எப்படி இருந்தது என்று
நான் பார்க்கவில்லை.